மொறிஸ் மைனருக்குப் புது நெருப்பு

14 ஜனவரி 2025, செவ்வாய்

மழை விட்டதும் காரைக் கிளப்பப் பார்த்தேன். உசும்பவில்லை. சாவியைப் போட்டு ஸ்டார்ட்டரை இழுத்தால் பெட்டரி முனகுகிறது, அவ்வளவுதான். வழமையான நோய்தான். ஈரம் பட்டால் இந்த மொறிஸ் மைனருக்குப் பொயின்ட் செத்துவிடும். டிஸ்டிபியூட்டர் மூடியைக் கழற்றி, முட்டி முட்டி விலகும் அந்த இரண்டு சின்னப் பொட்டுகளையும் நெருப்புப்பெட்டியின் உரசுகிற பக்கத்தால் தேய்த்து, ஊதி, நடுவில் அட்டைத் துண்டைச் செருகி இடைவெளி பார்த்து மூடினேன். அவை ஒழுங்காக முட்டி விலகினால்தான் பிளக்கில் நெருப்பு வரும். அட்டைத் துண்டு எங்கள் கல்யாண அழைப்பிதழில் வெட்டியது. தடிப்பு அச்சொட்டாகப் பொருந்தும். பொஞ்சாதி சபூறாவுக்கு இது தெரியவந்த அன்று வீட்டில் சோறு ஆக்கப்படவில்லை.

மகன் ஹாதிக் ஹெல்மெட்டும் கையுமாக நின்று பார்த்தான். பைக்கில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். கார் கிளம்பியபோது மகனைக் காணவில்லை, வேலைக்குப் போய்விட்டான். யாருக்குக் காட்டுவதற்காக நான் அவ்வளவு ரேஸ் கொடுத்தேனோ தெரியாது.

17 ஜனவரி, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிடும்போது விசயத்தைப் போட்டு உடைத்தேன். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு கல்யாணம். அக்கரைப்பற்றுக்கு மாப்பிள்ளையாகப் போகிறாய், இந்தக் காரைக் கொண்டுபோ என்றேன். ஹாதிக் என்னைப் பார்க்காமல் உம்மாவைப் பார்த்தான்.

"எனக்கெதுக்கு வாப்பா? காலையில வேலைக்குப் போகக்குள்ள ரோட்டில நிண்டு நெருப்புப்பெட்டி தேய்க்கவா?"

சபூறா சிரித்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வரும், வராமல் என்ன. நான் பாதியில் கை கழுவினேன். பின்னேரம் பசித்தது. ரோசம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு பிறகு பாணும் பருப்பும் தின்றேன்.

19 ஜனவரி, ஞாயிறு

இந்த வளவில் எனக்கென்று என்ன இருக்கிறது? எங்கள் பக்கத்தில் ஆண் பிள்ளை கல்யாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போகவேண்டும், வீடு பெண்ணுக்கு. சபூறாவின் சீதன வீடு இது. இப்போது மகள் றிபாவின் பெயரில். முன் வீட்டில் மகளும் மருமகன் றமீசும், பின்னுக்குக் கட்டிய இரண்டு அறையில் நானும் சபூறாவும். நான் உழைத்ததும் மாமனாரின் சாறன் கடையில். குறை சொல்லவில்லை. நடைமுறை அது, எல்லாருக்கும் அப்படித்தான்.

ஆனால் கார் என்னுடையது. வாப்பா முகம்மது தம்பி கல்முனைச் சந்தையில் ஹயருக்கு ஓடிய கார். நான் சாய்ந்தமருதிலிருந்து மருதமுனைக்கு மாப்பிள்ளையாக வந்ததும் இதில்தான். அன்றைக்குப் பாண்டிருப்புக் கோயிலுக்குக் கிட்ட வைத்து நின்றுபோனது. கோட்டும் தொப்பியுமாக நான் உள்ளே, வாப்பா பொனட்டுக்குள்ளே. வேலிக்கு வேலி ஆட்கள் கூடிவிட்டார்கள். மெலிந்த இளந்தாரி ஒருவன் வந்து, மாப்பிள்ளை இறங்கித் தள்ளினால் பெண் வீட்டில் மரியாதை போய்விடும், நீங்கள் இருங்கள் என்று சொல்லி நாலைந்து பேரைச் சேர்த்துத் தள்ளினான். அவன்தான் அழகரெத்தினம். இன்றைக்கும் எனக்கு வயரிங் வேலை அவன்தான். நடுவில் தமிழர், முஸ்லிம் என்று ஊர்கள் பிரிந்த கெட்ட காலம் வந்து அவன் இந்தப் பக்கம் வராமலும் நான் அந்தப் பக்கம் போகாமலும் இருந்த வருசங்களில் கார் பாதி நாள் படுத்தே கிடந்தது. காரும் அவனைத் தேடியிருக்கும்.

வாப்பா அன்று மாலை சாவியை என் கையில் தந்துவிட்டு பஸ்ஸில் திரும்பிப் போனார். ஏன் என்று அன்று நான் கேட்கவில்லை.

25 ஜனவரி, சனி

பாண்டிருப்புக்குப் போனேன். கார் மழையில் மக்கர் பண்ணுவதைச் சொன்னேன், மகன் சொன்ன பேச்சையும் சொன்னேன். அழகரெத்தினம் தேத்தண்ணியை வைத்துவிட்டு, எத்தனை வருசமாகச் சொல்கிறேன், பொயின்ட்டைக் கழற்றி எறியுங்கள் காக்கா என்று தம்பிக்குள்ள உரிமையோடு சொன்னான். டிஸ்டிபியூட்டருக்குள் அடங்குகிற மாதிரி எலக்ட்ரோனிக் சாமான் வருகிறதாம். தேய்க்கவும் தேவையில்லை, இடைவெளி பார்க்கவும் தேவையில்லை, மழை பெய்தாலும் ஒரே இழுவையில் கிளம்புமாம். வெளியே பார்த்தால் பழைய கார்தான், உள்ளுக்குத்தான் மாற்றம்.

அவன் பல தடவை சொல்லி நான் பல தடவை மறுத்த விசயம். இன்று மறுக்கவில்லை. யோசிக்கிறேன் என்றேன். அவன் என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தான்.

2 பெப்ரவரி, ஞாயிறு

பொயின்ட் போனால் காலையில் நான் என்ன செய்வேன்? பொனட்டைத் திறந்தால் அந்தப் பெற்றோல் மணம், கையில் கறுப்பு, சபூறா வாசலில் நின்று "இன்னும் முடியல்லையா" என்று கேட்பது — இதெல்லாம் சேர்ந்ததுதான் எனக்குக் கார். ஸ்டார்ட் ஆகாத காரைத்தான் நான் இவ்வளவு காலமும் விரும்பியிருக்கிறேன் போல. பைத்தியக்காரத்தனம்தான், இருக்கட்டும்.

ஆனால் ஹாதிக் கொண்டுபோகவேண்டும். கட்டாயம் கொண்டுபோகவேண்டும். அவனுக்குப் பிடித்த மாதிரி ஆக்கிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? மாற்றுவோம்.

15 பெப்ரவரி, சனி

சாமான் கொழும்பிலிருந்து வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றியது. கறுப்பாக ஒரு சின்னக் கட்டி, இரண்டு வயர். இதற்குள் ஒன்றும் முட்டுவதுமில்லை விலகுவதுமில்லை. நாளைக்குப் பூட்டுவோம் என்று அழகரெத்தினம் சொல்லியிருக்கிறான்.

16 பெப்ரவரி, ஞாயிறு

எரித்துவிட்டேன். நானே, என் கையாலேயே.

எல்லா வாகனத்திலும் பெட்டரியின் நெகட்டிவ்தான் வாகனத்தின் இரும்பு உடம்புக்கு, அதாவது பொடிக்குப் போகும். இந்தக் காரில் மட்டும் பொசிட்டிவ் பொடிக்கு. வெள்ளைக்காரன் அப்படிச் செய்து வைத்திருக்கிறான். பெட்டரிக் கடைப் பொடியன்கள் பழக்க தோசத்தில் பிழையாகக் கொழுவுவார்கள் என்று, பொடிக்கு வருகிற வயரின் தலையில் நான்தான் ஒரு சிவப்பு மூடி போட்டு வைத்தேன். சிவப்பைப் பொசிட்டிவில் கொழுவு, வேறொன்றையும் யோசிக்காதே என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பெரிய கெட்டித்தனம் என்று எனக்கு நினைப்பு.

புதுச் சாமானுக்கு மற்ற வாகனங்கள் மாதிரி நெகட்டிவ் பொடிக்குப் போகவேண்டும். பெட்டரியைத் திருப்பிக் கொழுவவேண்டும் என்று அழகரெத்தினம் முதலிலேயே சொன்னான். பெட்டரி என் வேலை, நீ உன்னுடையதைப் பார் என்று அதட்டினேன். அவன் கொயில் வயர்களுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். நான் பெட்டரியைத் தூக்கித் திருப்பி வைத்தேன். பிறகு, இவ்வளவு காலமும் செய்த கை, சிவப்பு மூடியைத் தேடிப் பிடித்துப் பொசிட்டிவிலேயே கொழுவிவிட்டது. சாவியைத் திருப்பினேன். ஒரு புகை, ஒரு நாற்றம், அவ்வளவுதான்.

அழகரெத்தினம் ஏதாவது ஏசியிருந்தால் நல்லது. பொனட்டை மெதுவாக மூடிவிட்டு, சாப்பிட்டீங்களா காக்கா என்று கேட்டான்.

17 பெப்ரவரி, திங்கள்

சிவப்பு மூடி. மண்ணாங்கட்டி மூடி.

20 பெப்ரவரி, வியாழன்

பழைய பொயின்ட்டையே திரும்பப் போட்டோம். நெருப்புப்பெட்டி, ஊதல், அட்டைத் துண்டு. மூன்றாம் இழுவையில் கிளம்பியது. பொய் சொல்லக்கூடாது, உள்ளுக்குள் ஒரு சந்தோசம் எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் கவலை.

இனி விடுவோம், அவன் பைக்கிலேயே போகட்டும் என்று சபூறாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"கார் தாறன் எண்டு அவனுக்கிட்ட செல்லினீங்க. ஏன் தாறன் எண்டு செல்லினீங்களா?"

இல்லை. சொல்லவில்லை.

3 மார்ச், திங்கள்

நோன்பு தொடங்கிவிட்டது. அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சி வேகிற மணம் வளவெல்லாம். பள்ளியிலிருந்து வந்து கொட்டிலில் காருக்குள் ஏறி இருந்தேன். சும்மாதான்.

ஏன் என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

றிபா கைப்பிள்ளையாக இருந்த காலம். கடையில் மாமனார் ஆட்களுக்கு முன்னால் வைத்து என்னை ஒரு சொல் சொன்னார். அவர் மௌத்தாகி எவ்வளவோ காலம், அந்தச் சொல்லை எழுதவேண்டாம், அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்தேன். பெட்டியை எடுத்தேன். உம்மா வீட்டுக்கே போய்விடுவோம், இனி இந்தப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை என்று காரில் ஏறினேன். அன்றைக்கும் மழை. உசும்பவில்லை. இறங்கிப் பொனட்டைத் திறக்க ரோசம் விடவில்லை. வீட்டு ஆட்கள் எல்லாரும் பார்ப்பார்களே. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். மதியத்து லுஹர் பாங்கு போனது, பின்னேரத்து அஸர் பாங்கும் போனது. சபூறா யன்னலோடு நின்றாள். கொட்டில் பக்கம் வரவில்லை. பிறகு கோபம் தானாகவே இறங்கியது. போய்ச் சோறு தின்றேன்.

அதற்குப் பிறகும் எத்தனையோ தரம். உம்மா வீட்டில் இருக்கிற ஆம்பிளை கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்தலாம். பொஞ்சாதி வீட்டில் கதவும் அவனுடையது இல்லை. கோபம் வந்தால் போய் இருக்க அவனுக்கு ஓர் இடம் வேண்டும். வாப்பா எனக்குச் சாவியைத் தந்துவிட்டு பஸ்ஸில் போனது அதற்குத்தான். இப்போது என் முறை.

12 மார்ச், புதன்

கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளையிடம் "நீ சண்டை பிடிப்பாய், அப்போது இது உதவும்" என்று எந்தத் தகப்பன் சொல்லுவான்? நல்ல காரியத்துக்கு முன்னால் கெட்ட வாய் வைக்கப்படாது. அதனால்தான் சொல்லவில்லை. சபூறாவிடமும் அதைத்தான் சொன்னேன். தலையை ஆட்டி "ஓம் ஓம்" என்றாள். அவள் இரண்டு தரம் ஓம் போட்டால் கேட்கவில்லை என்று அர்த்தம்.

19 மார்ச், புதன்

நோன்பு திறந்து தராவீஹ் தொழுகைக்கு வெளிக்கிடும்போது ஹாதிக் வந்தான். ஒரு சின்னப் பெட்டியை மேசையில் வைத்தான். திறந்தால் அதே சாமான், புதிது. சபூறா குசினிக்குள் போய்விட்டாள், அவள்தான் கதைத்திருக்கிறாள்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சேட்டுப் பொத்தானைப் பூட்டித் திறந்து பூட்டிக்கொண்டு நின்றான்.

"உம்மா எல்லாம் செல்லினா. சனிக்கிழமை பூட்டுவம். பெட்டரிய நான் மாத்துறன் வாப்பா, நீங்க கை வெக்காதீங்க."

ஓம் என்றேன். தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதேன் என்று மறந்துபோனேன்.

22 மார்ச், சனி

பூட்டியாகிவிட்டது. ஹாதிக் முதல் வேலையாக என் சிவப்பு மூடியைக் கழற்றி வேலிக்கு வெளியே வீசினான். பெட்டரியைத் திருப்பினான், எது எங்கே போகிறது என்று உரத்துச் சொல்லிச் சொல்லிக் கொழுவினான். அழகரெத்தினம் டிஸ்டிபியூட்டருக்குள் அந்தக் கறுப்புக் கட்டியை வைத்து முறுக்கினான். எங்களுக்கு நோன்பு என்று அவனும் காலையிலிருந்து தண்ணி குடிக்கவில்லை. குடி என்றால் கேட்கிறானில்லை.

மகன் ஸ்டார்ட்டரை இழுத்தான். ஒரே இழுவை. முனகவில்லை, தும்மவில்லை, இருமவில்லை. மெசின் ஒரே சீராக ஓடிக்கொண்டே இருந்தது. அழகரெத்தினம் கை தட்டினான். ஹாதிக் முதன்முதலாக அந்தக் காரைப் பார்த்துச் சிரித்தான்.

கழற்றிய பொயின்ட்டை என் உள்ளங்கையில் வைத்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நோன்புக் களைப்பு, தலை சுற்றுகிறது என்று சொல்லிக் கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்றேன். வாப்பா மௌத்தான அன்று இப்படி அழுதேனா என்று யோசித்தேன். நினைவில்லை.

31 மார்ச், திங்கள்

பெருநாள். அல்ஹம்துலில்லாஹ். ஹாதிக் காரில்தான் தொழப் போனான், பள்ளி கூப்பிடு தூரம்.

27 ஏப்ரல், ஞாயிறு

கல்யாணம். மாப்பிள்ளையை நானே காரில் கொண்டுபோனேன். பின்னால் றமீசின் வேனில் சபூறா, றிபா, சொந்தக்காரர். அழகரெத்தினம் பாண்டிருப்பு ரோட்டோரம் வெள்ளை வேட்டியோடு நின்று, நிறுத்தாமல் போங்கள் என்று கை காட்டினான். நிறுத்தி ஏற்றிக்கொண்டோம். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், களியோடைப் பாலம் — எங்கும் நிற்கவில்லை. வழியில் நிற்கும் என்று வைத்து நான் முன்கூட்டியே வெளிக்கிட்டேன். பழைய கணக்கு. அது நிற்காமல் ஓடியதால் அக்கரைப்பற்றில் பெண் வீட்டார் உடுப்பு மாற்றி முடியவில்லை. மாப்பிள்ளையை வாசலில் வைத்திருக்கக் கூடாது என்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றினோம். இரண்டாம் சுற்றில்தான் குரவைச் சத்தம் கேட்டது.

பெண் அப்ரா. ஆசிரியை. கண்ணில் ஒரு துணிச்சல் இருக்கிறது.

காவின் எழுதி நிக்காஹ் முடிந்தது. சாவியை மகன் கையில் கொடுத்தேன். ஒயில் பார்த்துக்கொள் என்றேன். வேனில் திரும்பி வந்தோம்.

28 ஏப்ரல், திங்கள்

கொட்டில் வெறுமை. நிலத்தில் ஒயில் கறை. காலையில் சேட்டைப் போட்டுக்கொண்டு போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

9 மே, வெள்ளி

கோல் எடுத்தேன். கார் எப்படி என்றேன். நல்லா ஓடுது வாப்பா என்றான். கிளம்புகிறதா? ஓம். மழைக்கு? ஓம் வாப்பா, ஒரு பிரச்சினையும் இல்ல.

போனை வைத்தேன். ஒரு நாளைக்குக்கூடவா நிற்கவில்லை? நின்றால் என்னைக் கூப்பிடுவான், நான் பஸ் ஏறிப் போவேன், என்று நினைத்திருந்தேன் போல. தானே தன் தலையில் மண் அள்ளிப் போட்டவன் கதைதான் என்னுடையது. இவ்வளவு நல்லாகச் செய்திருக்கத் தேவையில்லை.

18 மே, ஞாயிறு

மகனின் குரல் சரியில்லை. அப்ராவின் வாப்பாவுக்கு அரிசி மில் இருக்கிறது. ஹாதிக்கை வங்கி வேலையை விட்டுவிட்டு மில்லைப் பார்க்கச் சொல்லுகிறாராம். இதை சபூறா யாரிடமோ கேட்டறிந்து சொன்னாள். ஹாதிக்கிடம் கேட்டேன். ஒண்டுமில்ல வாப்பா என்றான். ஒன்றுமில்லை என்றால் இருக்கிறது. எனக்குத் தெரியாதா அந்தக் குரல்? மாமனாரின் கடையில் நான் பேசிய குரல் அது.

யா அல்லாஹ். அவன் பெட்டியைத் தூக்கிவிடக் கூடாது. என்னுடைய கார் அன்று ஓடவில்லை, அதனால் நான் போகவில்லை. அவனுடையது ஒரே இழுவையில் கிளம்பும். நான்தான் கிளம்ப வைத்தேன். இது என் மண்டையில் ஏன் முதலே உறைக்கவில்லை?

25 மே, ஞாயிறு

கோல் எடுக்கவில்லை. எடுத்தால் காரைப் பற்றிக் கேட்பேன், பயமாக இருக்கிறது. கேட் திறக்கிற சத்தம் வரும்போதெல்லாம் அவன்தான் திரும்பி வந்துவிட்டான் என்று எட்டிப் பார்க்கிறேன்.

8 ஜூன், ஞாயிறு

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். இன்று காலை கேட்டடியில் ஹோர்ன். என் காரின் ஹோர்ன், அதை நான் கபுறுக்குள்ளே இருந்தாலும் அறிவேன். கோபித்துக்கொண்டு வந்துவிட்டானே என்று செருப்பும் போடாமல் ஓடினேன்.

ஓட்டுநர் இருக்கையில் அப்ரா, தனியாக. ஹாதிக் குர்பான் இறைச்சி பங்கிட நிற்கிறானாம். மாமாவையும் மாமியையும் பகல் சாப்பாட்டுக்குக் கூட்டிவரச் சொன்னானாம். அங்கிருந்து தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பொயின்ட் காலத்தில், வாப்பாவுக்குப் பிறகு, என்னைத் தவிர ஒருவரும் இந்தக் காரை நிந்தவூர் தாண்டிக் கொண்டுபோனதில்லை.

சபூறா பின்னால் ஏறினாள். நான் முன்னுக்கு, இடப்பக்கம். இந்தப் பக்கத்தில் நான் இருந்ததே இல்லை, கால் பிரேக்கைத் தேடுகிறது. பிள்ளை நன்றாகத்தான் ஓட்டுகிறாள். பாண்டிருப்பு வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு, அவன் எப்படி இருக்கிறான், மில் விசயம் என்ன மாதிரி என்று கேட்டேவிட்டேன்.

அவள் ஒளிக்கவில்லை. வாப்பாவுக்கும் அவருக்கும் பேச்சுப் பட்டது மாமா, அவர் பெட்டியோடு போய்க் காரில் ஏறிவிட்டார் என்றாள்.

"நான் ஓடிப்போய்ப் பக்கத்துச் சீட்டில ஏறிட்டன். பொறகு காரை எடுத்தார். களியோடைப் பாலம் வரைக்கும் போய், பாலத்தடியில நிண்டு ரெண்டு பேரும் கதைச்சம், அழுதம். வரக்குள்ள நான் ஓட்டினன் மாமா. இப்ப அவருக்குக் கோவம் வந்தா ரெண்டு பேருமா ஒரு சுத்துப் போய்ட்டு வாறம்."

மில்லுக்குப் போவதில்லை என்று முடிவாகிவிட்டதாம். வாப்பாவிடம் அவள்தான் சொன்னாளாம்.

சந்தோசம்தான், வேறென்ன. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு முள். உன் மாமிக்கும் அன்றைக்கு இப்படி வந்து ஏறத் தோன்றவில்லையே என்று சிரித்துக்கொண்டு பகிடியாகச் சொன்னேன். பகிடி இல்லை, இவ்வளவு காலமும் எனக்குள் கிடந்த குறை அது.

பின்னாலிருந்து சபூறா மெதுவாகச் சொன்னாள்.

"வந்தன். இப்ப நீங்க இருக்கிற பக்கக் கதவ உள்ளுக்கால பூட்டி வெச்சிருந்தீங்க. இழுத்துப் பாத்தன். நீங்க தலைய நிமித்தல்ல. பொறகுதான் போய் யன்னலடியில நிண்டன்."

நான் இப்போது இருந்தது அதே இடப்பக்கம்தான். பூட்டு என் முழங்கையில் முட்டிக்கொண்டிருந்தது. அன்று மழை பெய்துகொண்டிருந்தது, நனைந்திருப்பாள். கல்முனைச் சந்தை வந்தது, போனது, ஆட்கள் யாரையும் நான் காணவில்லை. சாய்ந்தமருதுச் சந்தி வரும்போது அப்ராவிடம் நிறுத்தச் சொன்னேன். என்ன மாமா, தலை சுத்துதா என்று கேட்டாள்.

இல்லை என்று இறங்கினேன். பின் கதவைத் திறந்தேன். சபூறா அந்தப் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். என்னை டிறைவர் ஆக்கிட்டீங்களா என்று அப்ரா கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கட்டும். அக்கரைப்பற்று வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பின்னுக்குத்தான் இருந்து போனோம்.